எல்லா நோவும் கவலையால் வருவதல்ல
கிருமித்தொற்று, நோய் எதிர்ப்புச் சக்தியின் கோளாறுகள், அவற்றுக்கான சிகிச்சை: பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

எமது பேச்சு வழக்கில் துயரத்துக்கும் நோய்க்கும் ஒரே சொல்தான். அது 'வருத்தம்'. மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் வருத்தம், மூட்டு வீங்கி நடக்க முடியாத பெண்ணுக்கும் வருத்தம். யுத்தத்தின் இழப்புகளைச் சுமந்து வாழும் பெண்களின் வாழ்வில் இந்த இரண்டு வருத்தங்களும் ஒன்றோடொன்று கலந்து விடுகின்றன. "உடம்பு எப்படி?" என்று கேட்டால், "என்ன செய்ய, எல்லாம் கவலையால் வந்ததுதான்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கின்றது. வாரக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல், காலையில் மடக்க முடியாத விரல்கள், கொத்துக் கொத்தாக உதிரும் முடி, எதையும் செய்ய விடாத களைப்பு எல்லாமே 'கவலை' என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்டு விடுகின்றன. வீட்டாரும் அப்படிச் சொல்கின்றனர், அயலவரும் அப்படிச் சொல்கின்றனர். பல வேளைகளில் பாதிக்கப்பட்ட பெண்ணே எல்லோருக்கும் முந்தி அதைச் சொல்லி விடுகின்றாள்.

அக்குறணையிலும் கண்டியைச் சூழவுள்ள ஊர்களிலும் இத்தகைய பெண்கள் பலர் இருக்கின்றனர். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் வீடு வாசல் இழந்த மலையகக் குடும்பங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினாலும், ஒரு சாரார் கொழும்பு, கண்டி போன்ற மாவட்டங்களுக்கும் சென்றனர். 2018 மார்ச் மாதத்தில் திகன, அக்குறணை உள்ளிட்ட இடங்களில் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது பழைய பயம் திரும்பவும் வந்தது. இப்படிப்பட்ட அனுபவங்களைத் தாண்டி வந்தவர்களுக்குக் கவலை இல்லாமல் இருக்குமா?

கவலை உடலைப் பாதிக்கும் என்பது உண்மையே. நெடுநாள் மனஅழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கின்றது, தலையிடியையும் உடம்பு நோவையும் தருகின்றது. ஆனால் ஒருவருக்குக் கவலை இருக்கின்றது என்பதால் அவருக்கு வேறு நோய் இல்லை என்று ஆகிவிடாது. கவலையின் பின்னால் நின்று, உரிய மருந்தால் குணப்படுத்தக் கூடிய அல்லது கட்டுப்படுத்தக் கூடிய நோய் ஒன்று ஆண்டுக்கணக்கில் வளர்ந்து கொண்டிருக்கலாம். இக்கட்டுரை அத்தகைய நோய்களைப் பற்றியது.

உடலின் காவல்

எமது உடலுக்கு ஒரு காவல் உண்டு. அதை நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். பாடநூல்களில் நிர்ப்பீடனம் என்று எழுதுவார்கள். இரத்தத்திலுள்ள வெண்கலங்கள்தான் இதன் காவலாளிகள். எலும்புக்குள் இருக்கும் மச்சையில் அவை உருவாகின்றன. கழுத்து, அக்குள், கவடு ஆகிய இடங்களில் அவற்றின் சிறு சிறு காவல் நிலையங்கள் உள்ளன. காலில் புண் வந்தால் கவட்டில் 'நெறி கட்டியிருக்கின்றது' என்று சொல்கிறோம் அல்லவா? அங்கே காவலாளிகள் ஒன்று கூடிவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையுடன் காத்து நின்ற அனுபவம் எமது சகோதரிகள் பலருக்கு உண்டு. உடலின் காவலும் அடையாளம் பார்த்தே வேலை செய்கின்றது. ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் அதன் அடையாளம் இருக்கின்றது. 'இது எமது உடலைச் சேர்ந்தது, விட்டுவிடு' அல்லது 'இது வெளியிலிருந்து வந்தது, தாக்கு' என்று வெண்கலங்கள் தீர்மானிக்கின்றன. ஒருமுறை வந்த கிருமியின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கவும் அவற்றால் முடியும். சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராமல் இருப்பது இதனால்தான். தடுப்பூசியும் இதே தத்துவத்தில் அமைந்ததே. 1796 இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர், மாட்டு அம்மையின் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். நோயைத் தராமல் நோயின் அடையாளத்தை மட்டும் காவலுக்குக் காட்டிக் கொடுக்கும் வழி அது. இலங்கையில் 1978 இல் விரிவான தடுப்பூசித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. 1993 இற்குப் பின்னர் இந்நாட்டில் ஒரு பிள்ளைக்கேனும் போலியோ வரவில்லை. யுத்தம் நடந்து கொண்டிருந்த காலத்திலேயே இது சாத்தியமானது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்தக் காவலில் மூன்று விதமான கோளாறுகள் ஏற்படலாம். முதலாவது, வெளியிலிருந்து வரும் கிருமி காவலை மீறி உள்ளே பெருகுவது. இரண்டாவது, காவல் ஆளை மாறிப் பிடித்து எமது சொந்த உறுப்பையே தாக்குவது. மூன்றாவது, காவலே பலமிழந்து போவது. இந்த மூன்றிலும் காய்ச்சல் வரலாம், உடம்பு நோகலாம், களைப்பு வரலாம். வெளியில் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சிகிச்சை வெவ்வேறானது. முதலாவதில் காவலுக்குத் துணையாகக் கிருமியைக் கொல்ல வேண்டும். இரண்டாவதில் காவலையே அடக்கி வைக்க வேண்டும். ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் முற்றிவிடவும் கூடும். அயல்வீட்டுப் பெண்ணுக்குச் சுகம் தந்த குளிசையை நாம் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

கிருமி உள்ளே வந்தால்

கிருமிகளில் பக்டீரியா, வைரஸ் என்ற இரண்டையும் பற்றிச் சிறிதளவாவது தெரிந்திருப்பது நல்லது. அன்ரிபயோட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பக்டீரியாவுக்கே வேலை செய்யும். தடிமன், சாதாரண இருமல், டெங்கு, சின்னமுத்து போன்றவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு அன்ரிபயோட்டிக் குடிப்பதால் பயனில்லை.

1928 இல் லண்டனில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே ஓர் எச்சரிக்கையை விடுத்தார். மருந்தை அளவு குறைத்து எடுத்தால் கிருமி சாகாது, அந்த மருந்தை எதிர்த்து வாழக் கற்றுக் கொள்ளும் என்பதே அது. ஐந்து நாளுக்குத் தந்த குளிசையை இரண்டு நாளில் நிறுத்திவிட்டு, மிகுதியை அடுத்த காய்ச்சலுக்கென்று அலுமாரியில் வைக்கும் பழக்கம் எமது வீடுகளில் இருக்கின்றது. ஃபிளெமிங் எச்சரித்தது இதைத்தான்.

யுத்தமும் இடம்பெயர்வும் கிருமிக்கு வழி திறந்து விடுகின்றன. 2009 இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்கமாகத் தங்க வைக்கப்பட்டிருந்தபோது கொப்புளிப்பானும், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ என்ற செங்கமாரியும் பரவின. நெருக்கம், தண்ணீர்த் தட்டுப்பாடு, மலசலகூட வசதியின்மை ஆகியவையே இதற்கு வழிவகுத்தன. நோய் வந்தவர்கள் மேல் குற்றமில்லை.

நெருக்கத்தில் பரவும் மற்றொரு நோய் காசநோய். ஒரே சிறிய அறையில், காற்றோட்டமின்றி, நோயாளியுடன் நெடுநாள் வசிப்போருக்கு அது தொற்றுகின்றது. கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலானோரில் காவல் அதை அடக்கி வைத்திருக்கும். ஆண்டுகள் கழிந்து, போசாக்குக் குறைந்தோ நீரிழிவு வந்தோ காவல் தளரும்போது அது தலைதூக்கலாம். எனவே முகாமில் வாங்கிய கிருமி, ஊர் திரும்பிப் பல ஆண்டுகளின் பின்னரும் நோயாக வெளிப்படக் கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். 'கவலையால் மெலிந்து விட்டாள்' என்று விட்டுவிடக் கூடாத நிலை இது.

காசநோய்ச் சிகிச்சை குறைந்தது ஆறு மாதம் நீடிக்கும். வழமையாக முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள் தரப்படும். அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாக வரும். அது இரத்தமல்ல, ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். இதே மருந்து கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கும் என்பதால் குடும்பக் கட்டுப்பாட்டு முறையையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும். பலர் மருந்தை நிறுத்துவது அப்போதுதான். அப்படி நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது மாறக்கூடும்.

"மகளுக்குக் காசநோய் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" என்று கேட்கும் தாய்மாரை நாம் சந்தித்திருக்கிறோம். ஒழுங்காக மருந்து எடுக்கத் தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலானோரிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். ஆறு மாதத்தில் குணமாகக் கூடிய நோய்க்காக ஒரு பெண்ணின் வாழ்வையே மறைத்து வைப்பது அவளுக்கு இழைக்கும் அநீதியாகும்.

அக்குறணைப் பெண்கள் மேலும் இரண்டு தொற்றுகளை மனதில் வைத்திருக்க வேண்டும். பிங்கா ஓயா பெருக்கெடுத்து நகரம் வெள்ளத்தில் மூழ்குவது எமக்குப் புதிதல்ல. வெள்ள நீரிலும் சேற்றிலும் கால் வைத்தபின் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடும் நோவும், கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2008 இல் இலங்கையில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவாகினர். கண்டி, மாத்தளை மாவட்டங்களும் அப்போது பாதிக்கப்பட்டன. நேரத்தோடு போனால் அன்ரிபயோட்டிக்கால் குணப்படுத்தலாம். தாமதித்தால் சிறுநீரகம் பழுதடையும். வெள்ளம் வடிந்ததும் டெங்கு நுளம்பு பெருகும். 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒருமுறை ஒரு வகை வந்தவருக்கு மறுமுறை வேறொரு வகை வந்தால், காவலின் பழைய நினைவே குழப்பத்தை உண்டாக்கி நோயைக் கடுமையாக்கக் கூடும். காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம் என்பதை மறக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே போதும். அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நோக்குளிசைகள் இரத்தப் பெருக்கை ஏற்படுத்தலாம்.

காவல் ஆளை மாறிப் பிடித்தால்

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். தவறான அடையாளத்தால் குற்றமற்றவர் பிடிபடுவதைப் போல, காவல் எமது சொந்த மூட்டையோ தோலையோ சிறுநீரகத்தையோ அந்நியமென எண்ணித் தாக்குகின்றது. இவை தொற்று நோய்களல்ல. தொட்டால், கட்டிப்பிடித்தால், ஒரே கோப்பையில் குடித்தால் வருபவை அல்ல.

கிருமித்தொற்றுக்கும் இதற்கும் பாலமாக இருப்பது ருமற்றிக் காய்ச்சல் எனப்படும் வாதக்காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவால் தொண்டை நோவு வருகின்றது. அது இரண்டு மூன்று வாரத்தில் மறந்தும் போகின்றது. ஆனால் அக்கிருமியின் அடையாளமும் எமது இதயத்தின் அடையாளமும் ஓரளவு ஒத்திருப்பதால், கிருமியைத் தேடிக் கிளம்பிய காவல் இதய வால்வைத் தாக்கத் தொடங்குகின்றது. ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வீக்கமும் காய்ச்சலும் வரும். அவை போய்விட்டாலும் வால்வில் ஏற்பட்ட பழுது தங்கிவிடும். அந்தச் சிறுமி வளர்ந்து கர்ப்பமாகும்போது, இதயத்தின் வேலை கூடி மூச்சுத் திணறல் வருகின்றது. அப்போதுதான் பலருக்கு நோய் இருப்பதே தெரிய வருகின்றது. இலங்கையில் தாய் மரணங்களுக்கு இதய நோயும் ஒரு முக்கிய காரணமாகும். இந்நோய் வந்த பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்படும். பிள்ளை ஓடி விளையாடுகின்றதே என்று ஊசியை நிறுத்திவிடக் கூடாது. மீண்டும் ஒரு தொண்டை நோவு வந்தால் இதயம் மேலும் பழுதடையும்.

பெண்களுக்கே அதிகம் வரும் மூன்று நோய்களையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

முதலாவது மூட்டுவாதம். வயதானால் முழங்கால் தேய்வது வேறு. இந்நோய் நடுத்தர வயதிலும் அதற்கு முன்பும் வரும். இரு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரமளவு விரல்கள் விறைத்திருக்கும். ரொட்டிக்கு மாப் பிசையவோ உடுப்புப் பிழியவோ முடியாமல் போகும். மூட்டுக்கு ஏற்படும் நிரந்தரப் பழுது முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கி விடுவதால், எண்ணெய் பூசிக் காலம் கடத்தினால் விரல்கள் கோணிவிடும்.

இரண்டாவது லூப்பஸ். இந்நோயாளர் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பிள்ளை பெறும் வயதினரே அதிகம். வெயில் பட்டால் இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் சிவத்தல், முடி உதிர்தல், வாய்ப்புண், மூட்டு நோவு, கருச்சிதைவு என்று பல முகங்களுடன் இது வரும். சிறுநீர் நுரைப்பதும் கால் வீங்குவதும் சிறுநீரகம் தாக்கப்படுவதன் அறிகுறிகள். ஒவ்வோர் அறிகுறியையும் தனித்தனியே பார்த்தால் இந்நோய் பிடிபடாது. அடுத்தடுத்துக் கரு கலைந்த பெண்ணை 'ராசியில்லாதவள்' என்று ஒதுக்கும் குடும்பங்கள், அவளது இரத்தத்தைப் பரிசோதிக்க நினைப்பதில்லை.

மூன்றாவது தைரொயிட் சுரப்பியைக் காவல் தாக்குவது. 1912 இல் ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ முதன்முதலில் இதை விவரித்தபோது அவர் ஆராய்ந்த நான்கு நோயாளரும் பெண்களே. களைப்பு, உடம்பு போடுதல், குளிர் தாங்காமை, அதிக மாதவிடாய், மறதி, எதிலும் மனம் செல்லாமை ஆகியவை இதன் அறிகுறிகள். துக்கத்தின் அறிகுறிகளுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று பாருங்கள். யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு பெண் இப்படிச் சோர்ந்திருந்தால் அது தைரொயிட்டாக இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக் கொடுக்கும். நாளுக்கு ஒரு குளிசை அவளது பழைய உடம்பைத் திருப்பித் தரும்.

காவலை அடக்கும் மருந்துகள்

1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் நடக்க முடியாதிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்கு மருத்துவர் பிலிப் ஹென்ச் கோட்டிசோன் என்ற மருந்தை ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950 இல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தபோது முகம் ஊதியது, எலும்பு பலமிழந்தது, தொற்றுகள் வந்தன. காவலை அடக்கும் மருந்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஆகவேதான் டொக்டர்கள் அளவு பார்த்து, கூட்டிக் குறைத்து இதைத் தருகின்றனர்.

இன்று கிளினிக்குகளில் தரப்படும் பிரெட்னிசொலோன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட நாள் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து மருந்து கிடைக்கும் காலத்தில் உடல் தானே சுரக்கும் கோட்டிசோலை நிறுத்தி வைத்திருக்கும். மருந்தைச் சட்டென விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்தும் ஏற்படலாம். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெதொட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. தவறி நாளாந்தம் எடுத்தால் உயிருக்கு ஆபத்து. கர்ப்பம் தரிக்க எண்ணுபவர் அதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்பது வன்னியிலும் மன்னாரிலும் வாழ்ந்தவர்கள் அறிந்த மலேரியாக் குளிசையின் உறவு. லூப்பஸ் நோயாளருக்கு அது முக்கிய மருந்து. அதை எடுப்பவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் கண்ணைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும்.

'உடம்பு நோவுக்கு நல்லது' என்று பெயர் தெரியாத குளிசைகளைச் சீட்டு இல்லாமல் வாங்குவது இதனால் ஆபத்தானது. அதில் பிரெட்னிசொலோன் போன்ற மருந்து இருந்தால் நோவு உடனே குறையும். ஆனால் உள்ளே காசநோய் இருந்தால், காவல் அடங்கியவுடன் அது பரவத் தொடங்கும்.

காவலே பலமிழந்தால்

நீரிழிவு, போசாக்கின்மை, புற்றுநோய்ச் சிகிச்சை, காவலை அடக்கும் மருந்துகள் ஆகியவை காவலைப் பலவீனமாக்கும். எச்.ஐ.வி. வைரஸ் காவலாளிகளையே தேடிக் கொல்கின்றது. 1987 இல் இலங்கையர் ஒருவரில் முதன்முதலாக இத்தொற்று இனங்காணப்பட்டது. அன்று நீண்ட காலம் வாழ வைக்கும் மருந்தில்லை. இன்று நாளாந்தம் மருந்து எடுப்பவர் ஏனையோரைப் போல நீண்ட காலம் வாழலாம். கர்ப்பிணிப் பெண்களுக்கு இலவசமாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையின் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. எனவே கிளினிக்கில் அந்த இரத்தப் பரிசோதனையைக் கேட்டால் அதை அவமானமாக எண்ண வேண்டாம். எல்லாத் தாய்மாருக்கும் அது பொதுவானது.

அக்குறணை கற்ற பாடம்

2020 மார்ச் இறுதியில், கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டதால் அக்குறணை முற்றாக முடக்கப்பட்டது. ஊரே தனிமைப்பட்டது. நோயை விட நோயின் பெயரே அதிகம் அச்சுறுத்தியது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி மூலம், கொரோனாவால் இறந்தோரின் உடல்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இடமளித்திருந்த போதும் இது தொடர்ந்தது. ஜனாஸாவை எரித்து விடுவார்களோ என்ற பயத்தில் பலர் பரிசோதனைக்கும் வைத்தியசாலைக்கும் போகத் தயங்கினர். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நம்பிக்கை உடைந்தால் மக்கள் நோயை மறைப்பார்கள் என்பதை அதிகாரிகள் இதிலிருந்து கற்க வேண்டும்.

அதே கொரோனா மருத்துவப் பாடம் ஒன்றையும் தந்தது. கடும் நோயாளர் பலரில் நுரையீரலைப் பழுதாக்கியது வைரஸ் மட்டுமல்ல, அதை எதிர்த்துக் கட்டுமீறிப் போன காவலும்தான். பிரெட்னிசொலோனின் உறவான டெக்சாமெதசோன், ஒட்சிசன் தேவைப்பட்ட நோயாளரின் மரணங்களைக் குறைத்ததாக 2020 ஜூனில் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் கிடைக்கவில்லை. ஒரே நோய், ஒரே மருந்து. ஆனால் எந்த ஆளுக்கு, எந்த நாளில் என்பதே பயனைத் தீர்மானித்தது. வீட்டிலிருந்து நாம் தீர்மானிக்கக் கூடிய விடயமல்ல இது.

கிளினிக்குக்குப் போகும்போது

"நான்கு தடவை போயும் நோய் என்னவென்று சொல்லவில்லை" என்று பலர் மனம் சலிக்கின்றனர். இவ்வகை நோய்கள் ஒரே நாளில் பிடிபடுபவை அல்ல. இரத்தத்தில் கலங்களின் எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர். போன்ற அழற்சிப் பரிசோதனை, சிறுநீர், சளி, எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே டொக்டர் முடிவுக்கு வருவார். அதற்கு எமது பங்கும் தேவை. எனவே:

- எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது, எந்நேரம் கூடுகின்றது, எந்த மூட்டு வீங்கியது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சிங்களத்தில் விளக்கக் கடினமாக இருந்தால், பிள்ளைகளிடமோ அயலவரிடமோ சொல்லிச் சிங்களத்தில் எழுதிக் கொண்டு போங்கள்.
- கிளினிக் கொப்பி, பழைய அறிக்கைகள், எடுக்கும் மருந்துகளின் உறைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். நாட்டு மருந்து, கசாயம் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.
- கருச்சிதைவு, வெள்ளைபடுதல், மாதவிடாய் மாற்றம் ஆகியவற்றைச் சொல்ல வெட்கமாக இருந்தால், ஊர் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் முதலில் சொல்லுங்கள். அவர் வழிகாட்டுவார்.
- யுத்த காலத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால், காசநோயாளியுடன் ஒரே வீட்டில் இருந்திருந்தால், அதையும் சொல்லுங்கள்.
- நோன்பு காலத்துக்கு முன்பே மருந்து நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். பல மருந்துகளை ஸஹர், இப்தார் நேரங்களுக்கு மாற்றலாம். மாற்ற முடியாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கின்றது.
- ஓதிப் பார்ப்பதும் நேர்ச்சை வைப்பதும் மனதுக்குத் தைரியம் தரும். அவற்றுடன் மருந்தையும் எடுங்கள்.

பின்வரும் நிலைகளில் ஒருநாள் கூடத் தாமதிக்க வேண்டாம்: மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு, விடாத வாந்தி, கடும் வயிற்று நோவு, மயக்கம், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கர்ப்பிணிக்கு வரும் எந்தக் காய்ச்சலும். வாகனம் இல்லையெனில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எல்லாப் பரிசோதனைகளும் முடிந்து, 'உடம்பில் நோய் இல்லை' என்று டொக்டர் சொன்னாலும் உங்கள் நோவு பொய்யாகி விடாது. மனத்துயரம் தரும் நோவுக்கும் சிகிச்சை உண்டு. அதற்கும் கண்டி, பேராதனை வைத்தியசாலைகளில் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. ஆனால் அந்த முடிவு பரிசோதனைக்குப் பின்னரே வர வேண்டும். வீட்டுத் திண்ணையில் வைத்து முன்கூட்டியே சொல்லப்படுவதாக அது இருக்கக் கூடாது.

சகோதரிகளே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடிவதற்கு முன்னரே வரிசையில் நின்று இலக்கம் எடுப்பவர்கள் நீங்கள். உங்களுக்கென்றும் ஒருநாள் இலக்கம் எடுங்கள். இந்த மாதத்திலேயே எடுங்கள்.